கோடு அழிந்த கூடுகள்

தண்ணீர் பாட்டிலை யாராவது நீட்டினால் அம்மையப்பன் முதலில் மூடியைத்தான் பார்ப்பார். சீல் உடைந்திருந்தால் தொடமாட்டார். வயது அறுபத்தொன்று. முதுகுளத்தூர்ப் பக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மனுசர்களின் மூஞ்சியைத்தான், அதிலும் நல்லதாக ஒன்றும் எழுதியிருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

வளைகுடாவுக்கு வந்து இருபத்துநாலு வருஷம். அதில் இரண்டு வருஷம் சவூதியில், யான்புவில் மண்ணாகப் போனது. லீவுக்குத்தான் என்று சொல்லி ஒருத்தன் வெள்ளைத்தாளை நீட்டினான். இவரும் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தத் தாளில் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. கம்பெனியில் யாரோ உடைத்த மெஷினின் பழி இவர் தலையில் வந்து விழுந்தது, ஊருக்குப் போக விடவில்லை. மூத்த மகள் நாகஜோதியின் கல்யாணம் இவர் இல்லாமல் நடந்தது. மேளச் சத்தத்தை மட்டும் ஃபோனில் கேட்டார்.

இப்போது இளையவள் உமாராணிக்குத் தை பன்னிரண்டில் முகூர்த்தம். இதையும் விட்டால் பெண்டாட்டி சரசு வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள், தன்னாலும் தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆகவே தை வரைக்கும் எந்த வம்பும் கூடாது. கேசு இல்லாமல், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியது இல்லாமல் பிளேன் ஏறவேண்டும். மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் வேலை இடம் அப்படி. அல் ஐனுக்கு வெளியே, மணல்மேடுகளுக்கு நடுவில் இருக்கிற துப்பாக்கி சுடும் கிளப். ஆறு லேன். ஒவ்வொரு லேனிலும் அரபிகளும் வெள்ளைக்காரர்களும் வந்து அட்டைப் பலகையைச் சுட்டுவிட்டுப் போவார்கள். சுட்ட பிறகு கீழே சிதறிக் கிடக்கிற பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பெருக்கி அள்ளி டிரம்மில் போடுவதும், முன்னால் போய் அட்டை மாற்றுவதும் அம்மையப்பனின் டூட்டி. முன்னால் போவதற்கு முன்பு கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றவேண்டும். கொடி ஏறிவிட்டால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நிற்கவேண்டும். இந்த நாட்டில் தன் பேச்சைக் கேட்பது அந்தக் கொடி ஒன்றுதான் என்று அவர் சொல்வதுண்டு.

கூடு ஒன்றுகூட கேட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஒருதரம் பெயின்ட் அடிக்க வந்தவன் சாவிக்கொத்தில் மாட்ட அழகாக இருக்கிறது என்று ஒரு கூட்டை எடுத்துக்கொண்டு போனான். ஏர்போர்ட் மெஷினில் அது தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவன் பிளேன் ஏறவில்லை. அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதிலிருந்து அம்மையப்பன் சாயங்காலம் கேட்டுக்கு வந்ததும் பாக்கெட்டை வெளியே இழுத்துவிடுவார், சப்பாத்தைக் கழற்றிச் சிமெண்டுத் திட்டில் நாலு தட்டுத் தட்டுவார், அடியைத் திருப்பிப் பார்ப்பார். செக்யூரிட்டிக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் ஜெயசீலன் ஒருநாள் வந்து, இனிமேல் ஆறாம் லேன் கூடுகளை டிரம்மில் போடவேண்டாம், தனியாகத் தன்னிடம் கொடுங்கள் என்று சொன்னான். ஜெயசீலன் கிளப்பின் மெக்கானிக். மணப்பாட்டுக்காரன், நாற்பதைத் தாண்டியவன். மனைவி சுகிர்தராணி ஷார்ஜாவில் நர்ஸ், அங்கேயே ரோலாவில் குடியிருப்பு. பதினைந்து நாளைக்கு ஒருதரம் அங்கே போய் வருவான். ஆள் அதிகம் பேசமாட்டான். அதிகம் பேசாதவர்களைப் பற்றி அம்மையப்பனுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

சுட்டுப் போட்ட வெறுங்கூடு எதற்கு என்று கேட்டதற்கு, அர்பாப் உத்தரவு என்றான். அர்பாப் என்றால் கிளப்பின் முதலாளி. அவருக்கு இரண்டு மாதமாக ஒரு புதுப் பைத்தியம். சுட்ட கூட்டிலேயே திரும்ப வெடிமருந்து அடைத்துத் தோட்டா ஆக்குவதாம். அட்டைப் பலகை வைத்திருந்த பின்பக்க ரூமைக் காலி செய்து மேசை போட்டார்கள். மேசையில் இரும்புச் சாமான் ஒன்றை நட்டுபோட்டு இறுக்கினார்கள். கைப்பிடியைக் கீழே இழுத்தால் அடியிலிருந்து ஒரு தண்டு ஏறி அமுக்கும்; இடியாப்ப உரலைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. பக்கத்தில் நகைக்கடைத் தராசைவிடச் சின்னதாக ஒரு தராசு. செங்கல் கனத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம். அர்பாபும் ஜெயசீலனும் அதில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார்கள், ஒரு கூட்டை அமுக்குவார்கள், அளந்து பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், மறுபடி படிப்பார்கள். முதல் வாரம் முழுக்க ஒரு தோட்டாகூட முழுசாக உருவாகவில்லை; அப்புறம் கை பழகி, அதே கூடுகளை அடைப்பதும் சுடுவதுமாக இருந்தார்கள்.

மூன்று கார் வைத்திருக்கிற மனுசனுக்குக் கடையில் தோட்டா கிடைக்காதா என்று அம்மையப்பன் ஆபீஸ்காரன் செய்கு முகம்மதுவிடம் கேட்டார். செய்கு முகம்மது கீழக்கரை. சிலர் பருந்து வளர்க்கிறார்கள், சிலர் ஒட்டகம் வாங்குகிறார்கள், இவருக்கு இது என்றான். தன் கையால் அளந்து போட்ட தோட்டா குறி தப்பாமல் போகுமாம். போலீஸ் அனுமதித்தாள்கூட ரூம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றான்.

போய்ப் பார்த்தார். அரபியில் இருந்தது. கீழே சீல். சீலை யாரும் அடிக்கலாம்.

ரூமைப் பெருக்கும்போது உளுந்து அளவில் குட்டிக் குட்டிப் பித்தளைக் கிண்ணங்கள் விளக்குமாற்றில் வந்தன. கூட்டின் அடியிலிருந்து தட்டி வெளியே எடுக்கிற பழைய கேப்பு என்றான் ஜெயசீலன். இதுவும் கேட்டைத் தாண்டக்கூடாதே என்று ஒன்றுவிடாமல் பெருக்கினார். பெருக்கும்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. மேசைமேல் இருந்த சட்டியிலுள்ள கூடுகளின் அடியில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டிருந்தது. ஒன்றுக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு மூன்று. மேசைக்குக் கீழே, துணிக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பா. அதில் இருந்த கூடுகளுக்கெல்லாம் அஞ்சு அஞ்சு கோடு.

அம்மையப்பன் டப்பாவை மூடி அப்படியே வைத்தார். அடையாளம் போட்டு எவன் பிரிப்பான்? வெளியே தள்ளப்போகிறவன்தான் பிரிப்பான். அஞ்சு கோடு என்றால் இவன் பங்கு. கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போகிறான், டிக்கெட் எடுத்தாயிற்று. யாரிடம் கொடுக்கிறானோ, எதற்கோ. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், கூடு பொறுக்குகிறவன் யார் என்றுதானே முதலில் கேட்பார்கள்.

அந்த வியாழக்கிழமை ஜெயசீலன் ரோலாவுக்குக் கிளம்பும்போது சட்டியைக் காட்டி, “அண்ணாச்சி, இத சோப்புத் தண்ணியில ஒரு அலசு அலசி வெயில்ல காயப்போடுங்க. சனிக்கிழம மத்தியானம் வந்துருவேன்” என்று சொன்னான். மெருகு போடுகிற மெஷின் துபாயிலிருந்து இன்னும் வரவில்லையாம். கீழே இருந்த டப்பாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. பார்த்தாயா, என்று அம்மையப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவன் பஸ் போனதும், தங்கியிருந்த காம்ப் அடுப்படியிலிருந்து எலுமிச்சம்பழ அளவு புளியை எடுத்துவந்தார். வாளியில் கரைத்தார். சட்டியில் இருந்ததையும் டப்பாவில் இருந்ததையும் ஒன்றாகக் கொட்டினார். வாசலில் கிடக்கிற மணலுக்கு என்ன பஞ்சம். பித்தளை என்றால் புளியும் மண்ணும்தான். சோப்பு போட்டு எவன் பித்தளை விளக்குவான்? ஒவ்வொன்றாக எடுத்து அடியில் கட்டைவிரலை வைத்து, குத்துவிளக்குத் தேய்க்கிறதுபோல அழுத்தித் தேய்த்தார். கறுப்புக்கோடு கரைந்து வாளியில் போனது. இனி எது இவன் பங்கு என்று எந்த அடையாளத்தை வைத்துப் பிரிப்பான், பார்க்கலாம். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, சாக்கின்மேல் பரப்பினார். மார்கழி வெயில் என்றாலும் அல் ஐன் வெயில். மறுநாள் மத்தியானத்துக்குள் உள்ளும் புறமும் காய்ந்து, தாலிக்கு உருக்கலாம் போல மின்னின.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்பாப் வந்து பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் உருட்டினார். “பஹுத் அச்சா, சாச்சா” என்று இந்தியில் மெச்சி முதுகில் தட்டினார்; சாச்சா என்றால் சித்தப்பா. அர்பாப் இவரை இதுவரை தொட்டதில்லை. அதனால் அதையும் அம்மையப்பன் சந்தேகமாகத்தான் எடுத்துக்கொண்டார். அர்பாப் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கைப்பிடி ஏறி இறங்குகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

சனிக்கிழமை காலை டீக்குடிக்கும்போது செய்கு முகம்மது நல்ல குஷியில் இருந்தான். அர்பாப் முதன்முதலாகத் தனியாக உட்கார்ந்து ஐம்பது தோட்டா செய்துவிட்டாராம், ஜெயசீலன் வருவதற்குள் சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டாராம். “பிள்ள பெத்தவரு மாதிரி பெட்டியத் தூக்கிக்கிட்டு அலையிறாரு” என்று சிரித்தான்.

இதுதான் சமயம் என்று அம்மையப்பனுக்குத் தோன்றியது. முன்கூட்டியே ஒருத்தர் காதில் போட்டு வைத்தால் நாளைக்குத் தன் தலை தப்பும். குரலைத் தாழ்த்தி, “ஏப்பா, அந்த ஜெயசீலன் கூட்டுல கோடு போட்டுப் பிரிக்கிறானே, கவனிச்சியா? அஞ்சு கோட்டுக்குன்னு தனி டப்பா வேற” என்றார்.

செய்கு முகம்மது டீயை ஊதினான். “அது எத்தன தடவ சுட்டதுங்கிற அடையாளம்ணே. ஒருதடவ சுட்டா ஒரு கோடு. அஞ்சு ஆயிட்டா கழிச்சுக் கட்டிரணும், டிரம்முக்குப் போயிரும். சுடச்சுட அடியில பித்தள மெலிஞ்சு போகுதாம். அதுக்குமேல மருந்து போட்டுச் சுட்டா பின்பக்கமாப் பிய்ச்சுக்கிட்டு வந்துருமாம். சுடுறவன் மூஞ்சி அங்கதான இருக்கு.”

அம்மையப்பன் டீ கிளாசைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை. கிளாஸ் விரல்களைச் சுட்டது. வாளியில் கரைந்த கறுப்புத் தண்ணீர் கண்முன் ஓடியது. எத்தனை அஞ்சு கோடு? பிஸ்கட் டப்பா கால்வாசி நிறைந்திருந்ததே. எல்லாம் இப்போது ஒன்றுபோல மின்னிக்கொண்டு அர்பாப் பெட்டியில் இருக்கின்றன.

புளி போட்டுத் தேய்த்ததை யாரும் பார்க்கவில்லை. கோட்டுக்கும் டப்பாவுக்கும் பொறுப்பு ஜெயசீலன். ஏதாவது ஆனால் அவனைத்தான் கேட்பார்கள். இவர் யார், பெருக்குகிறவர். அலசச் சொன்னான், அலசினேன். தைக்கு இன்னும் முப்பது நாள்கூட இல்லை. இப்போது போய் நான்தான் கலந்தேன் என்று சொன்னால், வேண்டுமென்றே செய்தாய் என்பார்கள், அர்பாபைக் கொல்லப் பார்த்தாய் என்றுகூடச் சொல்வார்கள். முகூர்த்தம் அங்கே நடக்கும், இவர் இங்கே எங்கேயாவது உட்கார்ந்து மறுபடி மேளம் கேட்பார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். கணக்கு சரியாகத்தான் வந்தது.

ஆனால் யான்புவில் தாளை நீட்டியவன் ஞாபகம் வந்தது. அவனும் இப்படித்தான் எங்கேயோ டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டிருப்பான். அவன் மூஞ்சியில் அப்போது என்ன இருந்தது என்று இத்தனை வருஷமாக யோசித்தது வீண். இப்படித்தான் இருந்திருக்கும்.

ஆறாம் லேனில் துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

அம்மையப்பன் ஓடவில்லை, ஓடுகிற முழங்கால் இல்லை. கம்பம் பத்தடியில் இருந்தது. கயிற்றை அவிழ்த்து இரண்டு கையாலும் இழுத்தார். கொடி விறுவிறுவென்று ஏறியது. இரண்டாம் லேனில் இருந்த வெள்ளைக்காரன் உடனே துப்பாக்கியைக் கீழே வைத்தான். ஆறாம் லேனில் அர்பாப் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்திருந்தார். கொடி அவர் கண்ணில் பட ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் அம்மையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து, கையில் விளக்குமாறு இல்லாமல், மாற்ற அட்டையும் இல்லாமல், நேராக ஆறாம் லேனுக்கு முன்னால் மணலில் போய் நின்றார்.

அர்பாப் காதுமூடியைக் கழற்றி, என்ன ஆயிற்று என்று கேட்டார். “க்யா ஹுவா, சாச்சா?”

“கோலி மத் மாரோ, அர்பாப்.” சுடாதீர்கள், கோடு இல்லை, நான்தான் தேய்த்தேன், எல்லாம் கலந்துவிட்டது, ஜெயசீலன் இல்லை என்று தெரிந்த இந்தியையும் அரபியையும் கலந்து கொட்டினார். “லைன் மாஃபி. ஹம் சாஃப் கியா. பாஞ்ச் லைன், ஏக் லைன், சப் மிக்ஸ். ஹம் கியா. ஜெயசீலன் நஹி.”

அர்பாப் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்து, பெட்டியில் வைத்து மூடினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்மையப்பனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். ஏன் அழித்தாய் என்று கேட்டார். ஜெயசீலனைத் திருடன் என்று நினைத்தேன் என்று அதையும் சொல்லிவிட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

மத்தியானம் ஜெயசீலன் பையோடு வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் மேசைமுன் உட்கார்ந்துவிட்டான். ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மருந்தை வேறாகக் கொட்டிவிட்டு, நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஜெயசீலன் தடவித் தடவிப் பார்த்தான். எங்கேயாவது கம்பி தடுக்கினால் அங்கே உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தமாம். நாலில் தடுக்கியது. நாலாவதை இடுக்கியால் பிடித்து லேசாக ஒடித்தான். அடி தனியாக, உடம்பு தனியாக அப்பளம்போல வந்துவிட்டது. அர்பாப் இரண்டு துண்டையும் மேசைமேல் எதிரெதிராக வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார்.

ஜெயசீலன் கதவருகில் நின்ற அம்மையப்பனைத் திரும்பிப் பார்த்தான். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி?”

“கேட்டா நீ உண்மையச் சொல்லுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“டப்பாவ ஒரு பய தொடக்கூடாதுன்னுதான் மேசைக்கு அடியில வச்சேன்.”

“அத வெளிய எழுதி வைக்கிறது.”

“எழுதித்தான் வச்சிருக்கேன், மூடியிலயே. டேஞ்சர்னு.”

“எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியும்னு உனக்கு எவன் சொன்னான்?” என்றார் அம்மையப்பன். ஜெயசீலன் எழுந்து மார்க்கரை எடுத்து, மூடியில் மண்டையோடு ஒன்றை வரைந்தான். சுமாராகத்தான் இருந்தது.

மூன்று நாள் அர்பாப் கிளப் பக்கமே வரவில்லை. அம்மையப்பன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். எப்போது சொன்னாலும் போகத் தயார். சரசுவிடம் ஃபோனில் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் செய்கு முகம்மது ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்றான். முழுக்க அரபி.

“என்ன இது?”

“லீவு பேப்பர்ணே. தை பத்தாந் தேதிக்குள்ள நீங்க ஊர்ல இருப்பீங்க. போயிட்டுத் திரும்பி வர டிக்கெட்டும் சேத்துத்தான்.”

லீவு பேப்பர். யான்புவிலும் இதையேதான் சொன்னார்கள். அம்மையப்பன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அரபி தெரிந்த பெஷாவர் டிரைவரிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். சுடச் சொல்லிக்கொடுக்கிற எகிப்துக்காரரிடம் தனியாகக் காட்டினார். கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடமும் காட்டினார். அவனுக்கு அரபி தெரியாது, ஆனாலும் காட்டினார். தெரிந்த இரண்டு பேரும் செய்கு முகம்மது சொன்னதையேதான் சொன்னார்கள். கூட ஒரு வரி இருப்பதை எகிப்துக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ஜெயசீலன் ஊரிலிருந்து திரும்பும்வரை பின்பக்க ரூம் பூட்டியிருக்கும், சாவி சாச்சாவிடம் இருக்கும். எதற்கு என்று செய்கு முகம்மதுவைக் கேட்டார். யாரையுமே நம்பாத ஆளிடம்தான் சாவி இருக்கவேண்டும் என்று அர்பாப் சொன்னாராம். அதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, தாளில் எழுத்து இல்லாத இடத்திலெல்லாம் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடைத்த பிறகே அம்மையப்பன் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் ஜெயசீலன் கிளம்பினான். ரோலாவில் சுகிர்தராணியைக் கூட்டிக்கொண்டு நேரே ஷார்ஜா ஏர்போர்ட். கடைசி நிமிஷம் வரை ரூமில் வேலை. சாவியைக் கொடுத்துவிட்டு அதே உடுப்போடு பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தான். அம்மையப்பன் வழக்கம்போலப் பாக்கெட்டை இழுத்துவிட்டு, சப்பாத்தைத் தட்டி, அடியைப் பார்த்து மாட்டிக்கொண்டார். பிறகு திட்டைக் காட்டினார்.

“நீயும் கழட்டு.”

ஜெயசீலனுக்கு முகம் சிவந்தது. “இன்னுமா என்னைய நம்பமாட்டீய?”

“மாட்டேன். தட்டு.”

டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். ஜெயசீலன் முணுமுணுத்துக்கொண்டே ஷூவைக் கழற்றித் திட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். மணல் உதிர்ந்தது. அம்மையப்பன் அதைப் பிடுங்கித் திருப்பி, அடிப்பக்க ரப்பர் பள்ளத்தில் நகத்தை விட்டு நெம்பினார். உளுந்து அளவில் ஒன்று தெறித்துச் சிமெண்டில் விழுந்து உருண்டது. பழைய கேப்பு.

ஜெயசீலன் அதைப் பார்த்தான். ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அம்மையப்பன் குனிந்து கேப்பை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். “அந்த இன்னொண்ணையும் கழட்டு” என்றார்.